நண்டு கரையேறிய காலை

எனக்கு ஒன்பது வயது இருக்கும். தை பிறந்து நாலைந்து நாள். ஏற்காட்டு மலையில் எங்கள் ஊரான மஞ்சக்குட்டையில் விடியற்காலைக் குளிர் பல்லைத் தந்தியடிக்க வைக்கும் மாதம். ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போன அக்கா, குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அம்மா, கரையெல்லாம் நண்டு!"

போய்ப் பார்த்தோம். புல்லில், பாறை இடுக்கில், காப்பிச் செடியின் தூரில் என்று எங்கே பார்த்தாலும் நண்டு. தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தன. பொந்தில் கைவிட்டுக் கடிபட்டு ஒன்றோ இரண்டோ பிடிக்கிற பையன்கள் நாங்கள். அன்றைக்குச் சாக்கில் அள்ளினோம். லைன் வீடுகள் அத்தனையிலும் நண்டுச் சாறு கொதித்தது. சேர்வராயன் சாமி கொடுத்தது என்று பாட்டி மலை உச்சியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அப்பா மட்டும் சாப்பிடவில்லை. அவருக்கு எஸ்டேட் பல்ப்பரில் வேலை. பறித்து வரும் காப்பிப் பழத்தைத் தோலுரித்து, கொட்டையைத் தொட்டியில் ஊறப்போட்டு, வழவழப்புப் போகக் கழுவுகிற இடம். "ராத்திரி தொட்டியைத் தொறந்து விட்டோம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். கைகழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த ஒரு வார்த்தையின் பொருள் எனக்கு விளங்க இருபது வருடம் ஆயிற்று.

காப்பிக் கழுநீரில் சர்க்கரைச் சத்து நிறைய. அது ஓடையில் கலந்தால் நுண்ணுயிர்களுக்குக் கொண்டாட்டம். அவை தின்று பெருகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் முழுவதையும் உறிஞ்சிவிடும். மீன் வாயைப் பிளந்து மேலே வரும். நண்டுக்குக் கால் இருப்பதால் அது வெளியே நடந்துவிடும். நாங்கள் விருந்து என்று அள்ளியது மூச்சுமுட்டி வெளியேறிய கூட்டத்தை. அதற்குப் பிறகு வந்த இரண்டு மழைக்காலத்திலும் அந்த ஓடையில் ஒரு நண்டுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

கண்ணெதிரே குவிந்து கிடப்பதை வளம் என்று நம்பி நான் ஏமாந்த முதல் தடவை அது. அதற்குப் பிறகும் ஏமாந்திருக்கிறேன்.

வாத்தியார் வேலை கிடைத்து மலையிறங்கினேன். சில வருடம் மேட்டூர் அணையின் மேல்புறத்தில், பண்ணவாடிப் பக்கம் இருந்தேன். பண்ணவாடித் துறையிலிருந்து பரிசலில் ஏறினால் அக்கரையில் நாகமரை. 1934இல் அணை கட்டி முடித்தபோது முழுகிப்போன ஊர்களின் கோயில் அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறது. முழு நீர்மட்டம் 120 அடி. கோடையில் மட்டம் வெகுவாக இறங்கினால் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி தலைகாட்டும். அதைப் பார்க்கவே கூட்டம் வரும்.

நந்தி தெரிந்த ஒரு கோடையில்தான் நான் நீர்நாயைக் கண்ணாரப் பார்த்தேன். ஏழெட்டு இருந்தன. வரிசைகட்டி நீந்தி, மீன் கூட்டத்தை ஆழமில்லாத பக்கமாக வளைத்து ஓட்டி வந்தன. பிறகு ஆளுக்கொரு மீனோடு பாறையில் ஏறி, தலையிலிருந்து கடித்து மென்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கபடி முடிந்து குழாயடிக்கு வருவார்களே, அந்தச் சத்தம், அந்தத் தள்ளுமுள்ளு. நான் பரிசல்காரரிடம், "இத்தனை நீர்நாய் இருக்குதே, ஆறு செழிப்பா இருக்குதுன்னு அர்த்தம்" என்றேன். ஏதோ புத்தகத்தில் படித்த தோரணை.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணி வத்திப்போய் மீனெல்லாம் மடுவுல ஒதுங்கிக் கெடக்குதுங்க வாத்தியாரே. அதான் நாயும் ஒரே இடத்துல நிக்குது. தண்ணி ரொம்பி நின்னா உங்க கண்ணுல இது படுமா?" என்றார். எனக்கு நண்டு ஞாபகம் வந்தது.

அவருக்கு அந்த நீர்நாய்கள் மேல் பெரிய அன்பு ஒன்றும் கிடையாது. வலையைக் கிழிக்கின்றன, மாட்டிய மீனைப் பாதி தின்று பாதி விடுகின்றன என்று திட்டுவார். ஒரு வலையின் விலை ஒரு மாத வயிற்றுப்பாடு. ஆனாலும் தோட்டா போட்டு மீன் பிடிக்கிறவனை அவர் திட்டும்போது வருகிற சொற்கள் நீர்நாயைத் திட்டும்போது வராது. "நாய் பசிக்குத் திங்குது. இவன் குஞ்சு குளுவானோட சேத்துல்ல அழிக்கிறான்" என்பார். அந்த வித்தியாசம் தெரிந்த மனிதர்.

ஒருநாள் அவர் என்னைப் பாறைத் திட்டு ஒன்றுக்கு அழைத்துப்போனார். நீர்நாய்கள் ஒரே இடத்தில் எச்சமிடும் வழக்கம் உள்ளவை. தங்கள் எல்லையைத் தெரிவிக்கும் வழி அது. குமட்டுகிற மீன் வாடை. குச்சியால் கிளறிக் காட்டினார். முழுக்கச் செதிலும் முள்ளும். ஒரு செதிலை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, "சிலேபி" என்றார். இன்னொன்று, "இதுவும் சிலேபி." பத்துப் பதினைந்து பார்த்தோம். "எங்கப்பன் காலத்துல இதைக் கிளறினா அஞ்சாறு சாதி மீன் முள்ளு வரும்" என்றார்.

சிலேபிக் கெண்டை நம்முடைய மீன் இல்லை. ஆப்பிரிக்காவில் பிறந்து, இலங்கை வழியாக 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைகளுக்கு மலிவான புரதம் என்று நல்ல எண்ணத்தோடுதான் நீர்த்தேக்கங்களில் விட்டார்கள். அழுக்குத் தண்ணீரிலும் பிழைக்கும், ஆக்சிஜன் குறைந்தாலும் தாங்கும், தாய்மீன் வாய்க்குள் குஞ்சு வைத்துக் காப்பாற்றும். அது பெருகாமல் என்ன செய்யும்? காவிரியின் சொந்தப் பிள்ளைகள் கதை வேறு. கடலிலிருந்து முட்டையிட ஆறேறி வந்த உல்லம், அணை எழுந்த பிறகு காவிரியில் அருகிப்போனது. காவிரியில் மட்டுமே வாழும் பெரிய பொம்மீன், திமில் வைத்த உடம்புக்காரன், 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள மீனாகச் சேர்க்கப்பட்டது.

நீர்நாய்க்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. அதற்கு வயிறு நிறைந்தால் சரி. உல்லம் போய்ச் சிலேபி வந்தால் சிலேபியைத் தின்னும். வீட்டுக்கு விருந்தாளி வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போனதை வைத்து அந்த வீட்டில் நெல் இருக்கிறது என்று தெருவே சொல்லும். பக்கத்து வீட்டில் கடன் வாங்கி உலை வைத்தது அடுப்புக்கு மட்டும்தான் தெரியும்.

நீர்நாய் எதைத் தின்கிறது என்று உற்றுப் பார்ப்பதில் நம் முன்னோர் கில்லாடிகள் என்று நினைக்கிறேன். குறுந்தொகையிலும் ஐங்குறுநூற்றிலும் மருத நிலப் பாட்டுகளில் நீர்நாய் வருகிறது. வெறுமனே வந்துவிட்டுப் போகவில்லை. இன்ன மீனைத் தின்கிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள், வாளை மீன் என்று. தமிழாசிரியனாக இருந்தும், அந்த வாளைக்கு நான் வகுப்பில் அரைவரி விளக்கம்தான் கொடுத்தேன். பரிசல்காரரோடு எச்சம் கிளறிய பிறகுதான் அது எவ்வளவு துல்லியமான தகவல் என்று உறைத்தது. இன்று அந்த வாளையே அழியும் ஆபத்துள்ள மீன்களின் பட்டியலில் இருக்கிறது.

நீர்நாய் ஒன்றுக்கும் உதவாத சாட்சி என்று சொல்ல வரவில்லை. அது இல்லாமல் போனால் உடனே விசாரிக்க வேண்டும். இங்கிலாந்தில் அப்படித்தான் நடந்தது. 1950களின் பிற்பாதியில் அங்கே நீர்நாய்கள் மடமடவென்று குறைந்தன. விதைக்குப் பூசிய மருந்தும் ஆட்டின் உண்ணிக்குப் போட்ட மருந்தும்தான் காரணம், அவற்றில் இருந்த டீல்ட்ரின் என்ற நஞ்சு. அது தண்ணீரில் துளியாக இருக்கும், புழுவில் கொஞ்சம் சேரும், மீனில் இன்னும் சேரும், மீனையே தின்று வாழும் பிராணியின் கொழுப்பில் வந்து தேங்கிவிடும். 1977 தொடங்கி 1979 வரை ஆயிரக்கணக்கான இடங்களில் தேடினார்கள். நூற்றுக்கு ஆறு இடத்திலும் அடையாளம் கிடைக்கவில்லை. நஞ்சுகளைத் தடை செய்தார்கள், வேட்டையை நிறுத்தினார்கள். மெல்ல மெல்லத் திரும்பி வந்து, 2011இல் கெண்ட் மாவட்டத்திலும் காணப்பட்டதும், எல்லா மாவட்டத்திலும் நீர்நாய் என்று நாடே மகிழ்ந்தது.

நியாயமான மகிழ்ச்சிதான். ஆனால் 2020இல் அதே நாட்டு அரசு தன் ஆறுகளை அளந்த கணக்கை வெளியிட்டபோது, நல்ல சூழல் நிலையில் இருந்தவை 14 விழுக்காடு மட்டுமே. கழிவுநீரும் வயல் உரமும் மீதியைப் பிடித்திருந்தன. ஒரு நஞ்சு போய்விட்டது என்று நீர்நாய் சொன்னது உண்மை. எல்லாம் சரியாகிவிட்டது என்று அது சொல்லவே இல்லை. கேட்டவர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள்.

சிங்கப்பூரில் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பீஷான் பூங்காவில் நீர்நாய்க் குடும்பம் ஒன்றைப் பார்த்தேன். அடுக்குமாடிகளுக்கு நடுவே, கான்கிரீட் வாய்க்காலாக இருந்து மறுபடி ஆறாக்கப்பட்ட காலாங் ஆற்றில். அந்த ஊர் 1977இலிருந்து பத்து ஆண்டு உழைத்துத் தன் ஆறுகளைச் சுத்தம் செய்தது. 1990களின் கடைசியில் நீர்நாய்கள் தாமாகவே திரும்பி வந்தன. பாராட்டத்தான் வேண்டும். சனம் கூடி நின்று படமெடுத்தது. நான் மட்டும் அதன் வாயில் என்ன மீன் என்று எட்டிப் பார்த்தேன். சிலேபி மாதிரிதான் இருந்தது. "அப்பா, இங்கயும் வந்து பாடம் நடத்தாதீங்க" என்று மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பாடம் நடத்துகிறவன்தான் தப்பும் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மலைக்குத் திரும்பிய பிறகு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஆய்வாளர் வருகிற நாளில் முதல் பெஞ்சுப் பையன் ஒருவனைத்தான் எழுப்புவேன். எதைக் கேட்டாலும் மணிமணியாகச் சொல்வான். ஆய்வாளர் மகிழ்ந்து பதிவேட்டில் நல்ல வார்த்தை எழுதிவிட்டுப் போவார். பல வருடம் என் வகுப்பு நன்றாக இருப்பதாக நானே நம்பினேன். ஒருமுறை வருகைப் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தபோது, கார்த்திகை தொடங்கித் தை முடிய, பழம் பறிக்கும் காலம் முழுவதும், பதினோரு பிள்ளைகளின் பெயருக்கு நேரே வெறும் சுழியாக இருந்தது. அதில் ஏழு பேர் அதற்குப் பிறகு திரும்பவே இல்லை. அந்த ஏழு பேரில் இரண்டு பேரின் முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. முதல் பெஞ்சுப் பையன் நன்றாகப் படித்ததில் என் பங்கு சொற்பம். அவன் எந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் படித்திருப்பான். என் வகுப்பு எப்படி இருந்தது என்பதை வராமல் போனவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

ஆற்றிலும் நான் இப்போது வராமல் போனவர்களைத்தான் தேடுகிறேன்.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே குட்டை இருக்கிறது. ஏற்காட்டின் பெயரில் ஏரி இருக்கிறது என்பார்கள். 1,623 மீட்டர் உச்சியில் சேர்வராயன் கோயில் குகைக்குள், சேர்வராயனோடு காவேரியம்மனும் இருக்கிறாள். மலையும் ஆறும் ஒரே குகையில் உட்கார்ந்து பூசை வாங்கிக்கொள்கின்றன. புவியியலும் அதையேதான் சொல்கிறது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் இந்த மலையில் பிறந்து காவிரியில் சேர்கின்றன. வடசரிவில் இறங்கும் வாணியாறு தென்பெண்ணைக்குப் போகிறது.

பிறந்த வீட்டில் தெளிவாக இருக்கிற தண்ணீருக்குக் கீழே என்ன நேர்கிறது என்று பாருங்கள். 2018இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என்று பட்டியலிட்டது. தமிழ்நாட்டில் ஆறு. அந்த ஆறில் மூன்று சேலத்துக்காரர்கள்: திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிஷ்ட நதி. தண்ணீரில் உள்ள கழிவை மக்கச்செய்ய எவ்வளவு ஆக்சிஜன் செலவாகும் என்பதைப் பி.ஓ.டி. என்று அளப்பார்கள். குளிக்கத் தகுந்த நீரில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 30ஐத் தாண்டினால் மிக மோசமான முதல் வரிசை. நம் மூன்றும் அந்தப் பட்டியலில் முதல் வரிசையில் இருந்தன. சாயப்பட்டறைக் கழிவு, சாக்கடை, ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளின் மாவுக் கழிவு. அப்பாவின் பல்ப்பர் தொட்டியில் நடந்த அதே வேதியியல்தான், அளவு மட்டும் பெரிது. அங்கே நீர்நாய் வருமா என்று கேட்பதே கேலி. நண்டு ஏறி நடக்கக்கூட அங்கே மிச்சமில்லை.

கீழே உள்ளவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. பள்ளி நாள்களில், கோடை விடுமுறையில், காப்பித் தண்டைத் துளைக்கும் பூச்சிக்கு பி.எச்.சி. என்ற மருந்தைக் கரைத்துப் பூசுகிற கூட்டத்தில் நானும் வாளி தூக்கியிருக்கிறேன். சாயங்காலம் வாளியைக் கழுவியது எந்த ஓடையில்? அந்த மருந்து இந்தியாவில் 1997இல் தடைசெய்யப்பட்டது. டீல்ட்ரின் பற்றிப் படித்த அன்றைக்கு அந்த வாளி ஞாபகம் வந்து தூங்கவில்லை.

எங்கள் மலை ஓடையில் நீர்நாய் பார்த்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆகவே எங்களுக்கு வேறு சாட்சி வேண்டும். அது கல்லுக்கு அடியில் இருக்கிறது. மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்ததும் ஒருமுறை, பழம் கழுவும் காலத்தில் ஒருமுறை, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போகிறேன். முழங்கால் அளவுத் தண்ணீரில், ஓட்டம் உள்ள இடமாகப் பார்த்து, பத்துக் கல்லைப் புரட்டுவோம். வால் பக்கம் மூன்று இழை நீட்டிக்கொண்டு கல்லோடு கல்லாக ஒட்டிக்கிடக்கும் தட்டைப் பூச்சி இருந்தால் நல்ல சேதி. அதற்கு ஆக்சிஜன் குறைந்தால் தாங்காது. பொடிக்கற்களைக் கோத்துக் குழாய் மாதிரி வீடு கட்டி உள்ளே ஒளிந்திருக்கும் புழுவும் நல்ல சேதிதான். நண்டு, கல்லொட்டி மீன், தட்டான் குஞ்சு இருந்தால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். இவை எல்லாம் போய், சேற்றுக்குள் சிவப்புச் சிவப்பாக நூல்புழு நெளிந்தால், மேலே யாரோ எதையோ திறந்துவிட்டிருக்கிறார்கள். எத்தனை பூச்சி என்று எண்ண வேண்டாம், எத்தனை வகை என்று எண்ணுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். சிவப்புப் புழு ஒன்றே ஆயிரம் கிடக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இந்தப் பூச்சிக் கணக்கை ஆற்றை மதிப்பிடும் முறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. நாங்கள் செய்வது விளையாட்டு இல்லை.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதிபோட்டு எழுதி வருகிறோம். சென்ற ஐப்பசியில் பத்துக் கல்லில் ஏழு வகை. தை மாதம் அதே இடத்தில் நான்கு.

இந்த மலையில் பல்ப்பர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழுநீரைக் குழிகளில் தேக்கி, சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறித்து, ஆறவைத்து, செடிக்கே பாய்ச்சலாம். தண்ணீர் குறைவாகச் செலவாகும் பல்ப்பர்களும் வந்துவிட்டன. சிலர் செய்கிறார்கள், அவர்கள் தோட்டத்துக்குக் கீழே ஓடைக்கல்லைப் புரட்டினால் தெரிகிறது. செய்யாதவர்கள் எங்களோடு ஒருநாள் வாருங்கள். ஆறு மாதக் குழந்தையைத் தவிர மற்ற எல்லோருக்கும் கல் புரட்டத் தெரியும்.

சுற்றிப்பார்க்க வருகிறவர்களும் வரலாம். ஏற்காடு ஏரிப் படகுத்துறையில் வரிசையில் நிற்கிற நேரத்தில் பாதி போதும். ஒன்றே ஒன்று: பார்த்து முடித்ததும் கல்லை எடுத்த இடத்திலேயே, எந்தப் பக்கம் கீழே இருந்ததோ அந்தப் பக்கம் கீழாக, மெல்ல வைத்துவிட்டுப் போங்கள்.